தாலின் நகரத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம்

திங்கட்கிழமை போகாதீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாங்கள் திங்கட்கிழமைதான் போனோம்.

ஹெல்சிங்கியிலிருந்து எஸ்தோனியாவின் தலைநகர் தாலினுக்குக் கடல்வழியாகச் சுமார் 80 கிலோமீட்டர். கப்பலில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையைவிடத் திங்கட்கிழமை டிக்கெட் மலிவாக இருந்தது. ஏன் மலிவு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நவம்பர் முதல் வாரம் வேறு. கோடையில் வாரம் முழுக்கத் திறந்திருக்கும் அருங்காட்சியகங்கள்கூடக் குளிர்காலத்தில் திங்களன்று பூட்டிக்கொள்ளும். நானும் அப்பாவும் துறைமுகத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு போய், அறையில் போட்டுவிட்டு, முதல் கதவு முன்னால் நின்றோம். பூட்டு. இரண்டாவது கதவு, அதுவும் பூட்டு.

"என்னம்மா இது, ஊரே கடையடைப்பா?" என்றார் அப்பா.

நான் ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிறேன். அப்பா மூன்று மாத விசாவில் மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்தார். பதிவுத்துறையில் 32 வருஷம் குப்பை கொட்டியவர். சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, கிரயப் பத்திரம், அடமானம், பாகப்பிரிவினை என்று ஊரார் சொத்தையெல்லாம் படித்தே கண்ணாடி நம்பரை ஏற்றிக்கொண்டவர். அவருக்கு எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "இது யார் கையில இருந்து யார் கைக்கு வந்துச்சு?"

நான் 14 இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் ஒதுக்கி, ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தேன். நாலு நாளில் அதில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அப்பாவின் அந்த ஒற்றைக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதால் பார்த்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. தனியாகப் போயிருந்தால் எனக்கு அது ஒரு அழகான பழைய ஊர், அவ்வளவுதான்.

கதவுகள் பூட்டியிருந்த அந்த முதல் நாளில் மதிலும் கோபுரமும் தெருவும்தான் மிச்சம். தாலினின் பழைய நகரம் 1997-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டை மதிலில் ஒரு காலத்தில் 46 கோபுரங்கள் இருந்தன, இப்போது 26 நிற்கின்றன. மதிலை ஒட்டி மேல்நகரத்துக்கு ஏறுகிற சரிவில் சிறிய தோட்டம் ஒன்று உண்டு. பெயர், டென்மார்க் அரசர் தோட்டம். முகமே இல்லாத துறவிகளின் சிலைகள் அங்கே கறுப்பாக நிற்கும். மாலையில் பார்த்தால் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

"டென்மார்க்கா? இங்கயுமா?" என்று அப்பா நின்றுவிட்டார்.

மயிலாடுதுறைக்காரருக்கு டென்மார்க் அந்நியம் இல்லை. தரங்கம்பாடியில் 1620-ல் அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவிலிருந்தே பார்த்து வளர்ந்தவர் அவர். இங்கே அவர்கள் வந்தது அதற்கும் 400 வருஷம் முன்னால், 1219-ல். இரண்டாம் வால்டெமார் என்ற அரசர் படையோடு வந்திறங்கி, எஸ்தோனியர்களோடு நடந்த போரில் தோற்கும் நிலையில் இருந்தபோது, வானத்திலிருந்து சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட கொடி விழுந்ததாம். டென்மார்க்கின் கொடி பிறந்த கதை அதுதான். அந்தத் தோட்டத்தில் விழுந்ததாகச் சொல்கிறார்கள். தாலின் என்ற பெயரே 'தானி லின்' என்பதிலிருந்து வந்ததாகப் பரவலாகச் சொல்வார்கள். எஸ்தோனிய மொழியில் அதற்கு டேனியர் ஊர் என்று பொருள்.

"அப்புறம் எப்படிப் போச்சு?"

"வித்துட்டாங்கப்பா. 1346-ல. டியூட்டானிக் ஆர்டர்னு ஜெர்மன் வீரத்துறவிகள் கூட்டம் ஒண்ணு. வட எஸ்தோனியா முழுக்க 19,000 மார்க் வெள்ளிக்கு."

அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஜோடி திரும்பிப் பார்த்தது. "தரங்கம்பாடியையும் இப்படித்தான் கும்பினிக்கு வித்துட்டுப் போனான்." அது 1845-ல். வங்காளத்தின் சேராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய். "ஐந்நூறு வருஷத்துல பழக்கம் மாறலியே!"

அதிலிருந்து அந்தப் பயணத்துக்குப் பெயர் விழுந்துவிட்டது. 'வில்லங்கம் போட்டுப் பாக்கலாம் வா' என்று தினமும் காலையில் அப்பாதான் கிளம்புவார். டேனியர் கொடி, ஆர்டர், 1561-லிருந்து சுவீடன், 1710-லிருந்து ரஷ்யா, 1918-ல் சுதந்திரம், 1940-ல் சோவியத், 1941-ல் ஜெர்மனி, 1944-ல் மறுபடி சோவியத், 1991-ல் மறுபடி சுதந்திரம். ஒரு ஊர் இத்தனை பேர் கையில் புரண்டிருந்தால் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அது யார் காலத்தது என்று தெரியாமல் ஒன்றும் புரியாது. அதனால் ஒரு யோசனை: போகிறதுக்கு முன்னால் இந்த ஒன்பது வரியை மட்டும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வழிகாட்டிப் புத்தகத்தைவிட அதுதான் உதவியது.

விற்றவனின் முத்திரை இன்னும் போகவில்லை என்பதையும் அப்பாதான் கண்டுபிடித்தார். நகரத்தின் சிறிய சின்னம் இன்றைக்கும் சிவப்பில் வெள்ளைச் சிலுவை. பெரிய சின்னத்தில் மூன்று நீலச் சிங்கங்கள், அதுவும் டென்மார்க் அரசருடையது. "பழைய முத்திரையை எடுக்காமலே கைமாறியிருக்கு," என்றார்.

திங்களன்று திறந்திருந்த ஒரே புதையல் நகர மன்றச் சதுக்கத்தின் மூலையில் உள்ள மருந்துக்கடை. 1422-ம் ஆண்டு ஆவணத்திலேயே இதன் பேச்சு வருகிறது. இன்றைக்கும் தலைவலி மாத்திரை விற்கிறார்கள். புர்கார்ட் என்ற ஒரே குடும்பம் பத்துத் தலைமுறை, 300 வருஷத்துக்கும் மேலாக இதை நடத்தியிருக்கிறது. பக்கத்து அறையில் பழைய ஜாடிகளும் கண்ணாடிப் பெட்டிகளும், கட்டணம் இல்லை. சுட்டுக் கரியாக்கிய தேனீ, காய்ந்த முள்ளெலி, அந்தக் காலத்து மருந்துச் சரக்கு. நான் முகம் சுளித்தேன். அப்பாவுக்குக் குறையே இல்லை. "நம்ம பெரிய கடைத்தெரு நாட்டு மருந்துக் கடையில இதைவிட விநோதமெல்லாம் இருக்கு" என்று ஒவ்வொரு ஜாடியாக எட்டிப் பார்த்தார். மார்சிபான் என்கிற பாதாம் இனிப்பு இங்கேதான் மருந்தாகப் பிறந்தது என்று தாலின்காரர்கள் சொல்வார்கள். ஜெர்மனியின் லூபெக் நகரத்தார் அதை ஒப்புக்கொள்வதில்லை. நமக்கு எதற்கு வம்பு, வாங்கித் தின்றோம், நன்றாகத்தான் இருந்தது.

சதுக்கத்தில் சாப்பிட மட்டும் உட்காராதீர்கள். அன்று மதியம் நாங்கள் உட்கார்ந்தோம். கேட்காமலே ஒரு கூடை ரொட்டி வந்தது, பில்லில் அதுவும் ஒரு வரியாக வந்தது. இரண்டு தெரு தள்ளிப் போனால் அதே காளான் சூப்பும் கறுப்பு ரொட்டியும் பாதி விலையில் கிடைக்கிறது. எஸ்தோனியர்களின் கறுப்பு ரொட்டி கோதுமையின் தம்பி மாதிரி இருக்கிற ரை மாவில் செய்வது. லேசான புளிப்பு, கனம். வெண்ணெய் தடவினால் அப்பாவுக்கு அதுவே ராத்திரிச் சாப்பாடு.

இனி முழங்கால் பற்றி. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இதுதான் முக்கியம். பழைய நகரம் முழுக்க உருண்டைக் கல் பாவிய தெருக்கள். மழை பெய்தால் எண்ணெய் தடவியது போல் வழுக்கும். நவம்பரில் மழை பெய்யாத நாள் எது? அப்பா ஊரிலிருந்து கொண்டு வந்திருந்த தோல் ஷூவின் அடிப்பாகம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. முதல் நாளே இரண்டு தடவை சறுக்கி என் தோளைப் பிடித்தார். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பள்ளம் பள்ளமாக ரப்பர் அடி வைத்த ஷூ ஒன்று வாங்கினோம். அருங்காட்சியக டிக்கெட்டுக்கு ஆன மொத்தச் செலவைவிட அது அதிகம், ஆனால் அதில்தான் பணம் ஒழுங்காகச் செலவானது.

மேல்நகரத்தை டூம்பேயா என்கிறார்கள். சுண்ணாம்புக்கல் குன்று. பிரபுக்களும் ஆயரும் மேலே, வணிகர்கள் கீழே. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், நடுவில் மதில், இரவானால் பூட்டுகிற வாசல். ஏறுவதற்கு இரண்டு வழி. நீளமான சரிவுக்கு 'நீண்ட கால்' என்று பெயர், செங்குத்தான குறுக்கு வழிக்குக் 'குட்டைக் கால்'. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பதால் தாலின் நொண்டுகிறது என்பது உள்ளூர் வேடிக்கை. நாங்கள் இரண்டிலும் ஏறவில்லை. கைபேசியில் போல்ட் டாக்ஸி கூப்பிட்டு உச்சியில் இறங்கிக்கொண்டு, நீண்ட கால் வழியாக மெதுவாகக் கீழே நடந்தோம். போல்ட் இந்த ஊரில் 2013-ல் பிறந்த நிறுவனம்தான், கூப்பிட்டால் சட்டென்று வருகிறது. ஏற்றத்தை வண்டிக்கு விட்டுவிட்டு இறக்கத்தை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால் மதியத்துக்கு மேலும் கால் மிச்சமிருக்கும்.

நவம்பரில் வெளிச்சம் மாலை நாலு மணிக்கெல்லாம் போய்விடும். அதனால் மதில், காட்சிமேடை, தேவாலயத்தின் வெளிப்புறம் எல்லாம் மதியத்துக்குள், கூரைக்குள் பார்ப்பவை அப்புறம். இந்த வரிசையை மாற்றினால் இருட்டில் ஈரக் கல்லில் தடவிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இந்த மாதத்தின் ஒரே சலுகை, சூரியன் ஏழரை மணிக்கு மேல்தான் எழுந்திருக்கும் என்பது. டூம்பேயா கோட்டையின் நெட்டை ஹெர்மன் கோபுரத்தில் சூரியோதயத்தின்போது தேசிய கீதத்தோடு நீலம், கறுப்பு, வெள்ளைக் கொடி ஏறும். கோடையில் இதைப் பார்க்க இன்னும் சீக்கிரம் எழ வேண்டும். நாங்கள் காபி குடித்துவிட்டே போய்விட்டோம். மெட்டு ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்லாந்தின் தேசிய கீதம்! பாஷியுஸ் என்பவர் போட்ட ஒரே மெட்டு, இரண்டு நாட்டுக்கும் சொந்தம், வார்த்தைகள் மட்டும் வேறு. 1989 பிப்ரவரி 24 அன்று, சோவியத் ஆட்சி இன்னும் முடியாத நிலையிலேயே, இந்தக் கோபுரத்தில் செங்கொடியை இறக்கிவிட்டு இந்தக் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். அப்பா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். குளிர் மூன்று டிகிரி. நான் கழற்றவில்லை.

எதிரே வெங்காயக் குவிமாடங்களோடு நெவ்ஸ்கி பேராலயம், 1900-ல் ரஷ்யப் பேரரசு கட்டி முடித்தது. கோட்டைக்கு நேர் எதிரே, 'நான்தான் இப்போது உரிமையாளர்' என்று பலகை மாட்டியது போல. 1920-களில் இதை இடித்துவிடலாம் என்று பேச்சு எழுந்து, நடக்காமல் போயிற்று. உள்ளே கட்டணம் இல்லை. படம் எடுக்கக் கூடாது.

இரண்டு நிமிட நடையில் டூம் தேவாலயம். சுவர் முழுக்கப் பிரபுக் குடும்பங்களின் மரச் சின்னங்கள், அடுக்கடுக்காக, ஆளுயரத்தில். நாங்கள் அதைப் பார்ப்பதற்கு முன்னாலேயே வாசலில் சிக்கிக்கொண்டோம். நுழைகிற இடத்தில் தரையில் பெரிய கல்லறைப் பலகை, தூவே என்ற 17-ம் நூற்றாண்டுப் பிரபுவுடையது. ஆள் பெரிய உல்லாசப் பேர்வழியாம். செய்த பாவத்துக்கு எல்லார் காலும் தன்மேல் படட்டும் என்று வாசலிலேயே புதைக்கச் சொன்னாராம். பார்வையாளர்கள் ஒவ்வொருவராக மிதித்துக்கொண்டு போகிறார்கள். அப்பா நின்றுவிட்டார்.

"செத்தவன் மேல கால் வைக்கிறதா? போம்மா."

"அவரே கேட்டுக்கிட்டதுப்பா."

"அவன் கேப்பான். நான் வைக்கணுமே."

கடைசியில் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தாண்டினார். பின்னால் வந்த ஒரு அம்மா என்ன நினைத்தாரோ, அவரும் அதே மாதிரி ஓரமாகத் தாண்டினார்.

கீழ்நகரத்தின் சட்டம் 1248-லிருந்து லூபெக் நகரத்தின் சட்டம். ஒரு வருஷமும் ஒரு நாளும் மதிலுக்குள் வாழ்ந்துவிட்ட பண்ணையடிமை சுதந்திர மனிதன். அப்படி ஓடிவந்த அடிமையைக் கொன்றதற்காக 1535-ல் ஒரு பிரபுவையே நகர மன்றம் பிடித்துத் தலையை வெட்டியது. 'ஒரு வருஷம் ஒரு நாள்' என்பதை அப்பா இரண்டு முறை கேட்டார். நம்மூர்ச் சட்டத்தில் அனுபவ பாத்தியதைக்கு 12 வருஷம். அது நிலத்துக்கு. இங்கே ஒரு மனிதன் தன்னையே அனுபவ பாத்தியதையில் வாங்கியிருக்கிறான் என்றார். எனக்கு அந்தக் கோணம் தோன்றியே இருக்காது.

இப்போது நிகுலிஸ்தே. தாலினில் ஒரே ஒரு அருங்காட்சியகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் என் ஓட்டு இதற்கு. புனித நிக்கோலாஸ் தேவாலயமாக இருந்து இப்போது கலை அருங்காட்சியகத்தின் கிளையாக இருக்கிறது. 1524-ல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் கலகக்காரர்கள் ஊரிலுள்ள தேவாலயங்களில் புகுந்து சிலைகளை உடைத்துக்கொண்டு வந்தபோது, இங்கிருந்த பொறுப்பாளர் பூட்டுத் துவாரங்களில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவிட்டாராம். கும்பலால் திறக்க முடியவில்லை. உள்ளே இருந்தது பிழைத்தது. 1944 மார்ச் 9 இரவு சோவியத் விமானங்கள் குண்டு போட்டதில் கட்டடம் எரிந்தது. ஆனால் முக்கியமான கலைப்பொருட்களை அதற்கு முன்பே வெளியே கொண்டுபோயிருந்தார்கள். திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கும்போது 1982-ல் கோபுரம் மறுபடி தீப்பிடித்தது. 1984-ல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

உள்ளே, பக்கத்து மண்டபம் ஒன்றில், மங்கலான விளக்கில், மரண நடனம். லூபெக்கின் பெர்ன்ட் நோட்கே 15-ம் நூற்றாண்டின் கடைசியில் துணியில் தீட்டியது. முழு ஓவியம் சுமார் 30 மீட்டர் இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். மிஞ்சியிருப்பது ஏழரை மீட்டர், 13 உருவங்கள். இடப்பக்கம் மேடையில் ஒரு போதகர். பக்கத்தில் காற்றுப்பை வாத்தியம் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எலும்புக்கூடு. அதற்கடுத்தது சவப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டே போப்பாண்டவரின் கையைப் பிடித்து இழுக்கிறது. அப்புறம் பேரரசர், பேரரசி, கர்தினால், அரசர். ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு மரணம் குதித்து ஆடுகிறது. மனிதர்கள் ஆடவில்லை. பட்டாடையும் கிரீடமுமாக அப்படியே விறைத்து நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் பழைய வட ஜெர்மன் மொழியில் செய்யுள், மரணம் கூப்பிடுவதும் அவர்கள் கெஞ்சுவதும். பின்னணியில் பச்சை வயல், வீடுகள். அதில் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கிறது.

நான் பத்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்ததுக்கு நகர்ந்தேன். என் பட்டியலில் இதற்கு அவ்வளவுதான் ஒதுக்கியிருந்தேன். ஹெர்மன் ரோடே செய்த பெரிய பலிபீடம், 1481-ல் முடிந்தது, இரட்டைச் சிறகுகளாகத் திறந்து மூடுவது. அதையும் பார்த்தேன். திரும்பி வந்தபோது அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

"பேரரசி முகத்தைப் பாரு," என்றார். "மத்தவங்க மூஞ்சியில பயம். அந்தம்மா மட்டும், அடுப்புல பாலை வெச்சுட்டு வந்தவ மாதிரி நிக்கிறா."

அம்மா போய் அப்போது ஒன்றரை வருஷம். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பட்டியலில் அன்று மாலைக்கு இருந்த இரண்டு இடங்களை அங்கேயே அடித்துவிட்டேன்.

இதைத்தான் நடைமுறை யோசனையாகவும் சொல்வேன்: ஒரு நாளைக்கு ஒரு பெரிய அருங்காட்சியகம் போதும். உள்ளே பெஞ்சு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கனமான குளிர் அங்கியை வாசலிலேயே கழற்றி மாட்டிவிட்டுப் போங்கள், அதைச் சுமந்துகொண்டு நடந்தால் அரை மணியில் வியர்த்து எரிச்சல் வந்துவிடும். மூத்தோர் சலுகை பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் கிடைக்கும். தாலின் கார்டு என்று 24, 48, 72 மணி நேரத்துக்கு ஒரு அட்டை விற்கிறார்கள், பல இடங்களுக்கு அதிலேயே போகலாம். வேகமாக ஓடி ஓடிப் பார்க்கிறவர்களுக்கு அது லாபம். எங்களைப் போல் ஒரு ஓவியத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்காருகிறவர்களுக்குத் தனித்தனி டிக்கெட்தான் கட்டுப்படியாகும். கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

1940-க்குப் பிந்தைய கதைக்கு வபாமு. ஆக்கிரமிப்புகளையும் விடுதலையையும் பற்றிய அருங்காட்சியகம், 2003-ல் தொடங்கியது. காதில் மாட்டிக்கொள்ளும் கருவி தருகிறார்கள், நாம் நகர நகர அது பேசும். 1941 ஜூனில் சுமார் 10,000 பேர், 1949 மார்ச்சில் 20,000-க்கும் மேல், சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிய மக்கள்தொகையில். அவர்கள் கையில் கிடைத்ததைத் திணித்துக்கொண்டு போன மாதிரியான பழைய பெட்டிகள் அங்கே இருக்கின்றன. மூலையில் தகரம் அடித்த அதே மாதிரிப் பெட்டி எங்கள் வீட்டுப் பரணிலும் கிடக்கிறது. கருவியில் வருகிற குரல்கள் வீட்டுக்காரர்களின் குரல்கள் போல் மெதுவாகப் பேசுகின்றன. வயதானவர்களுக்கு ஒலியைக் கூட்டி வைத்துக் கொடுங்கள்.

அப்பா பிடித்துக்கொண்டது வேறு ஒன்றை. 1991-ல் எஸ்தோனியர்கள் 'புதிய நாடு பிறந்தது' என்று சொல்லவில்லை. 1918-ல் பிறந்த அதே குடியரசு தொடர்கிறது, நடுவில் நடந்தது சட்டவிரோத ஆக்கிரமிப்பு என்றார்கள். அமெரிக்கா உட்படப் பல நாடுகள் 1940 இணைப்பைச் சட்டப்படி அங்கீகரித்ததே இல்லை. அதே 1991-ல் சொத்துச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து, பறிபோன வீடுகளையும் நிலங்களையும் பழைய உரிமையாளர்களுக்கோ வாரிசுகளுக்கோ திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

"அப்போ அம்பது வருஷப் பத்திரம் மொத்தமும் செல்லாது," என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்த வீட்டுல அம்பது வருஷமா வாடகைக்கு இருந்தவன் எங்க போவான்?" என்றார். அந்தச் சிக்கல் 90-களில் நிஜமாகவே பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. அந்த ஆபீசில் உட்கார்ந்திருந்த எழுத்தரை நினைத்து அப்பா இரக்கப்பட்டார்.

விரு ஹோட்டலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். 1972-ல் வெளிநாட்டவருக்காகத் திறந்த ஹோட்டல். லிஃப்ட்டில் 22 வரைதான் பொத்தான், 23-வது மாடியில் சோவியத் உளவுத்துறையான கேஜிபி உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. 'இங்கே ஒன்றும் இல்லை' என்று ரஷ்ய மொழியில் எழுதிய கதவு. கட்டடம் மைக்ரோ கான்கிரீட்டில் கட்டியது, பாதி மைக், பாதி கான்கிரீட் என்று அப்போதே கிண்டல் செய்வார்களாம். அந்த மாடி இப்போது அருங்காட்சியகம். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், முன்பதிவு அவசியம். நான் அவசரத்தில் பின்னிஷ் மொழிச் சுற்றைப் பதிவு செய்துவிட்டேன். ஒரு மணி நேரம் அரைகுறையாக நான் மொழிபெயர்க்க, எல்லாரும் சிரித்து முடித்துப் பத்து வினாடி கழித்து அப்பா தனியாகச் சிரித்தார். மொழியைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

கடைசி நாள் கடல்விமானத் துறைமுகம், லென்னுசதாம். பழைய நகரத்திலிருந்து சற்று வெளியே, கடலோரம். 1916, 17-ல் ரஷ்யப் பேரரசின் கடற்கோட்டைக்காகக் கட்டிய விமானக் கொட்டகை. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் மூன்று கான்கிரீட் குவிமாடங்கள், ஓடு மாதிரி மெல்லியவை. உள்ளே லெம்பித் என்ற நீர்மூழ்கி, 1936-ல் இங்கிலாந்தில் எஸ்தோனியாவுக்காகக் கட்டியது, பின்னால் சோவியத் கடற்படை எடுத்துக்கொண்டது. உள்ளே இறங்கலாம். படி நெட்டுக்குத்து, அறைக்கு அறை குனிந்து நுழைய வேண்டும். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் வெளியே இருந்து பார்த்தாலே போதும். குழந்தைகளோடு போகிறவர்கள் பழைய நகரத்தைக் குறைத்துக்கொண்டு இங்கே அரை நாள் ஒதுக்கலாம், தொட்டுப் பார்க்க, ஏறிப் பார்க்க ஏராளம். நான் உள்ளே போய்த் திரும்பியபோது அப்பா அறிவிப்புப் பலகையைப் படித்து முடித்திருந்தார். "இதுவும் கைமாறின சொத்துதான்," என்றார்.

கூமு கலைக்கூடம், காட்ரியோர்க் அரண்மனை, குண்டு மார்கரெட் கோபுரத்திலுள்ள இடைக்காலக் கப்பல், நகரத்துக்கு அடியில் ஓடும் சுரங்கப் பாதைகள், எதுவும் பார்க்கவில்லை. பார்க்கத் தகுந்தவை என்று மட்டும் தெரியும்.

திரும்பும் கப்பல் நகர்ந்தபோது அப்பா கண்ணாடி ஓரம் உட்கார்ந்தார். இருட்டிவிட்டது. ஓலேவிஸ்தே தேவாலயத்தின் ஊசிக் கோபுரம் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. 120 மீட்டருக்கு மேல் உயரம். சோவியத் காலத்தில் கேஜிபி அதையும் ரேடியோ வேலைக்கு வைத்துக்கொண்டதாம்.

"அதுல ஏறலியே நாம?"

"குளிர்காலத்துல பூட்டிடுவாங்கப்பா. ஏப்ரலுக்கு மேலதான் திறப்பாங்க."

"எத்தனை படி?"

"232."

அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே கோபுரத்தைப் பார்த்தார். "நீ ஏறிட்டு வாம்மா. நான் அந்த மருந்துக் கடையில இருக்கேன்."